அமெரிக்கன் வரியும் மகன்ர காலும்

நாளைக்கு என்ன நடக்கும் எண்டு சொல்லிச் சம்பளம் வாங்கிற ஆக்களை நான் இந்த வயசுக்குள்ள கன பேரைக் கண்டிட்டன். மழை வரும் எண்டு ரேடியோவில சொல்லுறவன், கோயில் வாசல்ல இருந்து கை பாக்கிறவன், இப்ப ரீவியில கோட்டும் ரையுமா வந்து பொருளாதாரம் வளரும் எண்டு அலட்டுறவன். மழைக்காரன் சொல்லுறது பிழைச்சால் நாங்கள் நனைவம், அவ்வளவுதான். கை பாக்கிறவன் பிழைச்சால் அடுத்த வெள்ளிக்கிழமை போய் ரெண்டு ஏச்சுக் குடுக்கலாம். இந்தக் கோட்டுக்காரன் பிழைச்சால் அவனுக்கு ஒண்டும் நடக்காது. அடுத்த கிழமையும் அதே கோட்டோட வந்து, போன கிழமை சொன்னது ஏன் நடக்கேல்லை எண்டு விளக்கம் சொல்லுவான். அதுக்கும் சம்பளம்.

எங்கட வீடு வெள்ளவத்தையில. காலி வீதியில இருந்து கடலுக்கு இறங்கிற ஒழுங்கை ஒண்டுக்குள்ள, மாடி வீடு. ரயில் போகேக்க அலுமாரிக் கண்ணாடி ஆடும். தொழில் கொட்டாஞ்சேனையில. மகன் விடிய பஸ்ஸில போவான், நானும் கூடப் போவன். எனக்கு அங்க வேலை ஒண்டும் இல்லை. வாசல்ல ஸ்டூலில இருந்து பேப்பர் பாக்கிறது, போற வாறவனோட கதைக்கிறது. பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சரிவரேல்லை. ஒரு தலையங்கத்தை முடிக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போயிரும்.

என்ன தொழில் எண்டால், லேபல் அடிக்கிறது. உங்கட சேட்டுக்குள்ள, கழுத்துக்குப் பின்னால, இல்லாட்டி இடுப்புப் பக்கமா ஒரு சின்ன ரிபன் துண்டு தைச்சிருக்கும். அரிக்குது எண்டு வெட்டி எறிவியள். அதைத்தான் நாங்கள் அடிக்கிறம். சுடுதண்ணியில தோய்க்காதே, அயன் போடாதே, இன்ன நாட்டில செய்தது, எல்லாம் இங்கிலீசில இருக்கும். எனக்கு அதில ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அமெரிக்காவில இருக்கிறவன் தன்ர சேட்டை எப்பிடித் தோய்க்க வேணும் எண்டு இவ்வளவு காலமும் நாங்கள்தான் சொல்லிக் குடுத்துக்கொண்டு வாறம். அவன் கேட்டானோ இல்லையோ தெரியாது.

நான் கொழும்புக்கு வந்தது மூட்டை சுமக்க. புறக்கோட்டையில துணிக்கட்டுச் சுமந்து, பிறகு ரிபனும் லேசும் விக்கிற கடை ஒண்டில நிண்டு, அந்தக் கடை முதலாளி லண்டனுக்குப் போகேக்க பின்னால கிடந்த அச்சு மெசினை எனக்குத் தந்திட்டுப் போனவர். அந்தாள் ஒரு நாளும் ஆருக்கும் ஒண்டும் குடுத்ததில்லை. தன்ர மனுசிக்கே பூ வாங்கிக் குடுத்ததில்லை. மெசின் வேலை செய்யாது எண்டுதான் தந்தவர். அது வேலை செய்தது. அந்தக் கதையைத் தொடங்கினால் இண்டைக்கு முடியாது. விடுவம்.

மகனுக்கு அம்பது தாண்டிட்டுது. சீனி வருத்தம். டொலர் இல்லாமல் நாடு படுத்த காலத்தில, பெற்றோலுக்கு வரிசையில நிண்டு, சமையல் காஸுக்கு வரிசையில நிண்டு, அச்சு மைக்கும் ரிபனுக்கும் அலைஞ்சு திரிஞ்சு, அந்த நேரம்தான் அவனுக்கு வருத்தம் கூடினது. மெசினுக்கு முன்னால நாள் முழுக்க நிக்க வேணும். ரிபன் ஒரு நூல் விலகினாலும் எழுத்து ஓரத்தில ஏறிரும், கண் எடுக்க ஏலாது. வேலைக்கு ஆள் வைச்சுப் பாத்தம். பழக்கி முடியேக்க ஒருத்தன் கொரியாவுக்குப் போட்டான், மற்றவன் கட்டாருக்கு. கடைசியில மகன்தான் நிண்டான். செருப்பு உரசி வலது காலில சின்ன விரலுக்குப் பக்கத்தில ஒரு புண். முதல்ல கடுகளவு. பிறகு அது மாறவே இல்லை.

டொக்டர் பொம்பிளை ஒருத்தி. நல்ல பிள்ளை, ஆனால் வாய் சரியான வாய். மகனைப் பாத்துச் சொன்னாள்: “ஐயா, இந்தக் காலை ஊண்டி நிக்கிறதை விடுங்கோ. விடாட்டி விரலில தொடங்கும். பிறகு நான் எங்க வரைக்கும் வெட்டுவன் எண்டு எனக்கே தெரியாது.”

அப்ப முடிவு எடுத்தம், தொழிலைக் குடுக்கிறது எண்டு. காசுக்காக இல்லை. வித்தால்தான் அவன் இருப்பான். விக்காட்டி நிப்பான். அவன்ர குணம் எனக்குத் தெரியும். மெசின் தன்ர பேரில இருக்கும் வரைக்கும் ஒரு ஓடர் வந்தால் எழும்பிப் போயிருவான்.

வாங்க ஆளும் இருந்தது. எங்களிட்ட லேபல் எடுக்கிற பெரிய தையல் கொம்பனி ஒண்டு. கட்டுநாயக்கா பக்கம் ஃபக்டரி, கொள்ளுப்பிட்டியில ஒஃபிஸ். முதலாளி சிங்கள ஆள், வெள்ளைத் தலை, நல்ல சிரிப்பு. வெளியில லேபல் எடுக்காமல் தாங்களே அடிக்கப் போறம், மெசினையும் இடத்தையும் வேலை செய்யிற பிள்ளையளையும் அப்பிடியே எடுக்கிறம் எண்டார். விலையும் பொருந்திட்டுது. மாசி முடியிற நேரம் அது.

பாதிப் பங்கு என்ர பேரில இருக்கிறதால என்னையும் கொள்ளுப்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாங்கள். ஏசியில எனக்குப் பல்லு அடிச்சது. ஒரு பெடியன், ஏதோ கொன்சல்டனாம், முப்பது வயசும் இராது, சுவரில படம் போட்டுக் காட்டினான். கோடு கோடாப் போகுது. ஒரு கோடு மேல போகுது, ஒண்டு நேரப் போகுது, ஒண்டு கீழ போகுது.

“இது என்ன தம்பி?” எண்டு கேட்டன். சிங்களத்தில கேட்டன், அவன் இங்கிலீசில சொன்னான், மகன் தமிழில சொன்னான். வாற வருசம் நல்லா இருந்தால் மேல்கோடு, சுமாரா இருந்தால் நடுக்கோடு, கூடாமல் போனால் கீழ்க்கோடாம்.

“அப்ப எது நடக்கும்?”

“அது சொல்ல ஏலாது அங்கிள். மூண்டுக்கும் நாங்கள் ஆயத்தமா இருக்கிறம்.”

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நல்லா இருக்கும், சுமாரா இருக்கும், கூடாமல் போகும். இந்த மூண்டையும் சொல்லிட்டால் எவன் பிழைக்கிறது? இதுக்குப் போய் வெளிநாட்டில படிச்சிட்டு வந்திருக்கு. கோயில் வாசல்ல இருக்கிறவன் எவ்வளவோ மேல். அவன் கையைப் பிடிச்சு ஒண்டைத்தான் சொல்லுவான், சொல்லுற தைரியமாவது அவனுக்கு இருக்கு. மகன் மேசைக்குக் கீழால என்ர தொடையில இடிச்சான், வாயை மூடுங்கோ எண்டு.

எல்லாம் பேசி முடிச்சாச்சு. கையெழுத்து மட்டும்தான் மிச்சம். அங்கதான் பிழைச்சது.

வீட்டுக்கு வந்து சொன்னால், மனுசி பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்திட்டா. “பங்குனி பிறக்கப் போகுது. பங்குனியில ஆரும் தொழிலைக் கை மாத்துவினமே? சித்திரை பிறக்கட்டும். வருசத்துக்குக் கைவிசேடக் காசு குடுக்கிற நேரத்தில கையெழுத்து வைச்சால் வருசம் முழுக்க வீட்டில காசு தங்கும்.”

“இஞ்சருமப்பா, அவனுக்குக் கால் அழுகுது, நீர் நேரம் பாக்கிறீர்” எண்டன்.

“அழுகுது கிழுகுது எண்டு கண்டபடி சொல்லாதேங்கோ! ஒரு மாசம். இத்தனை வருசம் நிண்டவன் ஒரு மாசம் பொறுக்க மாட்டானே?”

மகன் தாய்ச் சொல்லுக்கு மறுப்புச் சொல்ல மாட்டான். சரி, மனுசிக்குத்தான் விசர் எண்டு நினைச்சுக்கொண்டு கொள்ளுப்பிட்டிக்குப் போன் எடுத்தம். அங்க பாத்தால் அந்த முதலாளிக்கு எங்கட மனுசியை விட விசர். அவர் தன்ர ஆளிட்ட நேரம் கேட்டு வைச்சிருக்கிறார். புது வருசத்தில சிங்கள ஆக்களுக்கும் முதல் கொடுக்கல் வாங்கலுக்கு எண்டு ஒரு நேரம் இருக்குத்தானே. எங்கட பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லுது, அவையின்ரது இன்னொரு நேரம் சொல்லுது. அவர் சொன்னார், எங்கட நேரத்துக்கு வைப்பம். மனுசி சொன்னா, அதுக்குள்ள ராகு காலம் வருது. அவர் சொன்னார், அப்ப உங்கட நேரத்துக்கு வைப்பம், ஆனால் அண்டைக்கு என்ர லோயர் குருநாகலில வருசத்துப் பாற்சோறு, கிரிபத், தின்னப் போயிருவார். கடைசியில புது வருசம் முடிஞ்சு, வேலைக்குப் போகத் தொடங்கிற சுப நேரம் எண்டு அவையின்ர பஞ்சாங்கத்தில ஒண்டு இருக்கு, அது எங்கடதிலயும் மோசம் இல்லை எண்டு கண்டுபிடிச்சு, அந்த நாளை வைச்சாங்கள்.

மேல்கோடு, நடுக்கோடு, கீழ்க்கோடு எல்லாம் போட்டுப் பாத்த கொம்பனி. சுவரில கோடு காட்டின அந்தக் கோட்டுப் பெடியனும் தன்ர போனில அந்த நேரத்தைக் குறிச்சுக்கொண்டான். வெக்கம் கெட்டவன்.

எனக்கு இந்த நேரம் பாக்கிறதில ஒரு நாளும் நம்பிக்கை இல்லை. ஆனால் சித்திரை வருசத்துக்குக் குளிச்சு, வேட்டி கட்டி, கைவிசேடம் குடுக்க நான்தான் முதல் ஆளா இருப்பன். அது வேற கதை. அது எல்லாரும் செய்யிறது.

பங்குனி பாதி தாண்டி, வருசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, விடிய தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறன், மருமகன் போன் எடுக்கிறான். தங்கச்சியின்ர மகன், கொள்ளுப்பிட்டியில பாங்க் ஒண்டில பெரிய வேலை. “மாமா, கேள்விப்பட்டியளோ? அமெரிக்காவில எங்கட சாமானுக்கு வரி போட்டிட்டாங்கள். சரியான வரி.”

“எங்கட சாமான் எண்டால்?”

“உடுப்பு மாமா. உடுப்புத்தான் முக்கியமா.”

அமெரிக்காவில ஒரு ஆள் ஒரு பலகையில நாட்டுப் பேரெல்லாம் எழுதி, பக்கத்தில இலக்கம் எழுதி, தூக்கிக் காட்டினதாம். சந்தையில மீன் விலை எழுதித் தொங்கவிடுற மாதிரி. பேலியகொடையில மீன் விக்கிறவனாவது மீனைப் பாத்திட்டுத்தான் விலை எழுதுவான். எங்களிட்ட இருந்து ஒரு சேட்டை வாங்கி வைச்சுப் பாத்தாங்களோ தெரியாது.

நானும் விடேல்லை. “உது ஒரு கிழமைக்கு நிக்காது. அந்தாள் மறந்திரும்” எண்டன். நான் சொன்னதும் பிழைச்சதுதான். ஆனால் எனக்கு அதுக்கு ஒருத்தரும் சம்பளம் தரேல்லை, அதையும் சொல்ல வேணும்.

அண்டைக்குப் பத்து மணி போல, கொட்டாஞ்சேனையில நிக்கேக்க, கொம்பனி முதலாளி போன். சிரிப்பு இல்லை. “அங்கிள், கொஞ்சம் பலமு.” பலமு எண்டால் சிங்களத்தில பாப்பம் எண்டுறது. இந்த நாட்டில ஆரும் ஒரு காரியத்தைச் செய்ய விருப்பமில்லை எண்டால் வாயைத் திறந்து இல்லை எண்டு சொல்ல மாட்டினம். அரசாங்கக் கந்தோருக்குப் போனால் பலமு, பொலிசுக்குப் போனால் பலமு. அந்த ஒரு சொல்லுக்குள்ள எத்தினை பேற்ற சீவியம் முடிஞ்சிருக்கு எண்டு எனக்குத் தெரியும். நான் மகனைப் பாத்தன். அவன் செருப்பைக் கழட்டிப்போட்டுக் காலைப் பாத்துக்கொண்டு நிண்டான். பிறகு மெசினைப் போட்டான்.

சித்திரை பிறந்தது. கைவிசேடம் குடுத்தன். வேலைக்குப் போற சுப நேரம் வந்தது, போச்சுது. கையெழுத்து இல்லை. மனுசி என்னோட ரெண்டு நாள் கதைக்கேல்லை, நான்தான் வரி போட்ட மாதிரி.

பிறகு தொடங்கிச்சுது கூத்து. வரியை நிப்பாட்டி வைச்சிருக்கு எண்டாங்கள். சந்தோசம் எண்டு போன் எடுத்தால், இல்லை, கொஞ்ச நாளைக்குத்தான் நிப்பாட்டி இருக்கு, பலமு. அரசாங்கத்து ஆக்கள் பிளேனில போய்க் கதைச்சிட்டு வந்தினம். பலமு. பிறகு வேற இலக்கம் வந்தது. அது முந்தினதிலும் குறைவு எண்டு சந்தோசப்படச் சொன்னாங்கள். ஒருத்தன் உங்கட கழுத்தைப் பிடிச்சு நெரிச்சுப்போட்டு, பிறகு கொஞ்சம் கையை இளக்கினால் அவனுக்கு நன்றி சொல்லுவியளோ? ரீவியில சொன்னாங்கள். ‘நல்ல செய்தி’ எண்டு பெரிய எழுத்தில போட்டாங்கள்.

அந்த மாசங்களில ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் குடும்பத்தோட சாப்பிட வந்தான். மனுசி நண்டுக் கறி வைச்சவ. சோத்தைப் பிசைஞ்சுகொண்டு சொல்லுறான், “மாமா, நாடு நல்லா வருது. பணவீக்கம் இல்லை. மைனசில கூட நிண்டது.”

“மைனசில எண்டால் சாமான் விலை குறைஞ்சிட்டுதோ?”

“கூடேல்லை மாமா. போன வருசத்தோட ஒப்பிட்டால் கூடேல்லை.”

“போன வருசம் எங்க நிண்டது?”

மனுசி குசினிக்குள்ள இருந்து கத்தினா, “தம்பி, தேங்காய்க்கு அந்த மைனஸைச் சொல்லிவிட்டவையோ? அது கேள்விப்படேல்லைப் போல!”

எல்லாரும் சிரிச்சம். அவனும் சிரிச்சான், நல்ல பெடியன். “மாமி, தேங்காய் வேற காரணம்” எண்டான். எப்பவும் வேற காரணம்தான். தேங்காய்க்கு வேற காரணம், முட்டைக்கு வேற காரணம், கரண்ட் பில்லுக்கு வேற காரணம். வேற காரணம் இல்லாத ஒரு சாமானைக் கொண்டுவந்து காட்டட்டும், நான் பணவீக்கம் குறைஞ்சிட்டுது எண்டு ஒத்துக்கொள்ளுறன். மரத்தில ஏறினவன் இனி ஏறாமல் கொப்பில இருக்கிறானாம். அதுக்குக் கீழ நிக்கிறவன் கை தட்ட வேணுமாம்.

மகன் அண்டைக்கு நண்டு சாப்பிடேல்லை. சோத்தை அளைஞ்சுகொண்டு இருந்தான். மருமகன் கேட்டான், “மச்சான், கால் எப்பிடி?”

“பரவாயில்லை.”

“அவங்கள் என்ன சொல்லுறாங்கள்?”

“நிலைமை தெளியட்டும் எண்டுறாங்கள்.”

“அது சரிதானே மச்சான். இந்த நேரம் ஒருத்தரும் ஒண்டும் வாங்க மாட்டினம். உலகம் முழுக்க அப்பிடித்தான். எல்லாரும் பொறுத்துப் பாக்கினம்.”

நான் எழும்பிக் கை கழுவப் போட்டன். அங்க இருந்திருந்தால் கோப்பையை எறிஞ்சிருப்பன். உலகம் பொறுத்துப் பாக்கட்டும். புண்ணுக்குப் பொறுக்கத் தெரியாது. அதுக்கு ஆரும் படம் போட்டுக் காட்டேல்லை, எந்தக் கோட்டில போறது எண்டு.

அது கீழ்க்கோட்டில போச்சுது. ஓடர் குறைஞ்சும் மகன் நிண்டான். ஓடர் குறைஞ்சதால ஒரு பிள்ளையை வேலைக்கு வர வேண்டாம் எண்டு சொல்லி, அவள் செய்த வேலையையும் சேத்து அவனே நிண்டான். ஒரு நாள் கொட்டாஞ்சேனையில மத்தியானம், சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிறன், ஏதோ மணக்குது. மீன் பழுதோ எண்டு பார்சலை மணந்து பாத்தன். மீன் நல்லம். பிறகுதான் விளங்கினது மணம் எங்க இருந்து வருது எண்டு. ஓட்டோ பிடிச்சன்.

டொக்டர் பொம்பிளை இந்த முறை ஏசேல்லை. அதிலயே எனக்கு விளங்கிட்டுது. சின்ன விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் எடுத்தாங்கள். காலைக் காப்பாத்திட்டம் எண்டாள். மனுசி வார்ட்டுக்கு வெளியில கதிரையில இருந்து, பஞ்சாங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. கதைச்சு என்ன.

மூண்டாம் நாள் பின்னேரம் கொம்பனி முதலாளி வந்தார். அப்பிள், தோடம்பழம், மேல பளபளக்கிற கடதாசி சுத்தின கூடை. அவருக்குப் பின்னால கோட்டுப் பெடியன், கையில ஃபைல். மகன்ர கட்டுப்போட்ட காலைப் பாத்தார். சரியாக் கவலைப்பட்டார், அதில பொய் இல்லை, அந்தாள் கெட்ட மனிசன் இல்லை. கவலைப்பட்டு முடிச்சிட்டுச் சொன்னார், “நான் யோசிச்சன். இனி இழுக்கக் கூடாது. இந்தக் கிழமையே முடிப்பம்.”

வரி அப்பிடியேதான் இருக்கு. அமெரிக்காவில ஒண்டும் மாறேல்லை. டொலர் மாறேல்லை. அந்தப் படத்தில இருக்கிற ஒரு கோடும் அசையேல்லை. இவ்வளவு மாசமும் நிலைமை தெளியேல்லை எண்டவருக்கு எங்க தெளிஞ்சது? கட்டிலில தெளிஞ்சது. காலைக் கண்டதும் தெளிஞ்சது. விக்கிறவன் இனி நிக்க ஏலாது எண்டு தெரிஞ்ச உடன வாங்கிறவனுக்கு நாட்டில நம்பிக்கை வந்திட்டுது. பெரிய கொம்பனியள் வாங்கிறதும் விக்கிறதும் வாற வருசம் கூடும், குறையும் எண்டு ரீவியில சொல்லுறாங்களே, அதெல்லாம் இப்பிடித்தான். எவன்ர கால் எப்ப போகும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறது.

விலை முந்தினதிலும் குறைவு எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அதோட இன்னொண்டும் சேத்திருந்தாங்கள். மகன் மூண்டு வருசம் அங்கயே இருந்து தொழிலை நடத்திக் குடுக்க வேணுமாம். முந்தி அந்தக் கதை இல்லை. கோட்டுப் பெடியன் சொன்னான், இப்பிடியான நேரத்தில இதுதான் வழக்கமாம்.

“தம்பி” எண்டன் நான், “உமக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?”

“இல்லை அங்கிள்.”

“பொம்பிளை பாக்கப் போகேக்க இந்தக் கோட்டைக் காட்டாதேயும். நல்லா இருக்கும், சுமாரா இருக்கும், கூடாமல் போகும் எண்டால் ஒருத்தியும் வர மாட்டாள்.”

முதலாளி சிரிச்சிட்டார். பெடியன் சிவந்து போனான். மகன் சிரிக்கேல்லை. அவன் அந்தத் தாளை வாங்கி ஒவ்வொரு பக்கமா வாசிச்சான். அவனுக்கு இங்கிலீசு நல்லா வரும், நான் லேபல் அடிச்சுப் படிப்பிச்சது அது ஒண்டுதான். வாசிச்சு முடிச்சுச் சொன்னான், “விலை சரி. மூண்டு வருசமும் சரி. ஆனால் நான் மெசினில நிக்க மாட்டன். எனக்கு ஒரு கதிரை வேணும். அதை இதில எழுதுங்கோ.”

“கதிரை தாறம், அது என்ன பெரிய விசயம்” எண்டார் முதலாளி.

“எழுதுங்கோ.”

“என்ன எழுத?”

“நான் இருந்துதான் வேலை செய்வன் எண்டு. மெசினுக்கு ஆள் நீங்கள் போட வேணும் எண்டு. ஆள் வராத நாளில மெசின் ஓடாது எண்டு.”

பெடியன் சொன்னான், இப்பிடியெல்லாம் ஒப்பந்தத்தில எழுதிறதில்லை, லோயர் சிரிப்பார் எண்டு. மகன், “சிரிக்கட்டும்” எண்டான். அவ்வளவுதான். குரல் கூட உயத்தேல்லை. தாய்க்கு மறுத்துச் சொல்லாத பிள்ளை, தாய் பாத்துக்கொண்டு நிக்க, தாளைத் திருப்பிக் குடுத்திட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டான்.

ரெண்டு நாளுக்குள்ள எழுதிக்கொண்டு வந்தாங்கள். அந்த லோயர் உண்மையாவே சிரிச்சவராம். நானும் கையெழுத்து வைச்சன், எனக்கு வைக்கத் தெரிஞ்ச மாதிரி. அண்டைக்கு என்ன நாள், என்ன நேரம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

இப்ப கொட்டாஞ்சேனையில வாசல்ல கொம்பனிப் பேர் போட்ட பலகை. என்ர ஸ்டூலை எடுத்திட்டாங்கள். ஒரு செக்கியூரிட்டி நிக்கிறான், முதல் நாள் என்னைப் பாத்து, “கவுத ஓனே, சீயா?” எண்டு கேட்டான், ஆர் வேணும் தாத்தா எண்டு. நான் அடிச்ச மெசின் உள்ளுக்குள்ள ஓடுற சத்தம் கேக்குது, என்னைப் பாத்து ஆர் வேணுமாம். “உன்ர பொஸ்ஸின்ர பொஸ்” எண்டன். விட்டிட்டான். இப்ப தேத்தண்ணி எல்லாம் தாறான்.

கதிரை வந்தது. சில்லு வைச்சது, சாஞ்சால் கிரீச் எண்டும். மலிவுச் சாமான். இவ்வளவு பெரிய கொம்பனி, ஒரு கதிரை வாங்கத் தெரியேல்லை. மகன் அதில இருந்து, காலைத் தூக்கி ஒரு ரிபன் பெட்டியில வைச்சுக்கொண்டு, மெசினில நிக்கிற புதுப் பெடியனுக்குச் சொல்லிக் குடுக்கிறான். ஆள் வராத நாளில மெசின் ஓடுறதில்லை. கட்டு மாத்தப் போனால் டொக்டர் பொம்பிளை பழையபடி ஏசுறாள். புண் வாய் மூடிக்கொண்டு வருது.

போன கிழமை நான் சாப்பாட்டுப் பார்சலோட போறன், கோட்டுப் பெடியன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு வாறான். வாற வருசம் நல்ல வருசமாம், ஏற்றுமதி கூடுமாம், அதை வேலை செய்யிற பிள்ளையளுக்கும் காட்ட வேணும் எண்டு கொள்ளுப்பிட்டியில இருந்து அனுப்பியிருக்கு. வயரைக் கொழுவிக்கொண்டு சத்தமாத் தொடங்கினான்.

மகன் கதிரையில சாஞ்சு, வாயைத் திறந்துகொண்டு நித்திரை. பட்டப்பகலில, மெசின் சத்தத்துக்குள்ள. அவன் பகலில நித்திரை கொண்டு நான் கண்டதில்லை.

“மெதுவாச் சொல்லும் தம்பி” எண்டன். “பிள்ளை எழும்பிருவான்.”